மூன்று அரைக்கட்டை கீழே

பிப்ரவரி 3

அவையோரே! பியானோவின் முன் அமர்ந்திருப்பவனே, ஆளுயரப் பேஸ் வாத்தியத்தை அணைத்து நிற்பவரே, டிரம்ஸுக்குப் பின்னால் பாதி மறைந்திருப்பவரே, சாக்ஸபோனை மடியில் கிடத்தியிருப்பவரே! நால்வரும் நலமா? நானும் இங்கே என்னோடு இருப்பவளும் உடலால் நலம். மற்றதைச் சொல்லத்தான் இக்கடிதம்.

இதைத் தம்பியின் வீட்டு முகவரிக்கு நான் அனுப்பவில்லை. அனுப்பினால் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வான். சட்டை துவைக்கப் போகும். என் எழுத்து நுரையோடு போகும். ஆகவே உங்கள் ஒத்திகை அறைக்கே, பேஸ் வாசிக்கும் பீரோ அவர்களின் பெயருக்கு அனுப்புகிறேன். உறையிட்ட பேஸை முதுகில் சுமந்து அவர் தெருவில் வருவது ஒரு பீரோ நடந்து வருவதுபோல் இருக்கும் என்று ஊரார் வைத்த பெயர் அஞ்சல்காரருக்கும் தெரியுமாம். அவரே இதை உரக்கப் படிக்கட்டும்.

என் முறையீடு இது. பதினேழு மாதங்களுக்கு முன், செப்டம்பர் மழையில், உங்கள் குழுவின் பாடகி காய்ச்சலில் படுத்தாள். அவள் என் தம்பியின் மனைவி. அவர்களுடைய மகளுக்கு அப்போது வயது எட்டு. அவளை என் வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, "பத்து நாள் பாத்துக்கங்க அக்கா. பத்தே நாள்" என்றான் தம்பி. வண்டியை ஓட்டி வந்தவர் பீரோ, அவரே சாட்சி. பதினோராம் நாள் பாடகி இறந்தாள். அடக்கத்துக்குக் குழந்தையை நான் அழைத்து வந்தேன்; நானே திரும்ப அழைத்துச் சென்றேன். அந்தப் பத்து நாள் இன்னும் முடியவில்லை.

நான் தையல் ஆலைப் பெண்களின் சங்கச் செயலாளர். முப்பது ஆண்டுகளாக மேடையேறிக் கெடு விதித்துப் பழகியவள். நிருவாகம் பத்து நாள் என்று சொல்லிப் பதினேழு மாதம் இழுத்தால் வாயிலை அடைத்துப் பாய் விரித்துவிடுவோம். தம்பியின் வாயிலை எங்கே போய் அடைப்பது? தொலைபேசி மணி அடிக்கிறது, எடுப்பாரில்லை. குழந்தையை எங்கள் ஆலைப் பெண்கள் மிளகு என்று அழைக்கிறார்கள். எந்தக் கூட்டத்திலும் யார் மூக்கிலாவது ஏறிவிடுவாள். அந்த மிளகு, ஞாயிறுதோறும் தொலைபேசிக்கு முன் நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார்ந்திருப்பாள். இப்போது நாற்காலி போடுவதில்லை. அழுவதுமில்லை. அழுதாலாவது எனக்கு ஒரு வேலை இருக்கும்.

தம்பி, அவள் தந்தையிடமிருந்து ஒரு கடிதம் கேட்கிறேன். மற்ற மூவரும் அவன் எழுதும்வரை அவனைப் பியானோவிடம் நெருங்க விடாதீர்கள்.

அக்கா

பிப்ரவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். உங்கள் தொண்டை வலி குறைந்திருக்கும் என எண்ணுகிறேன். வெந்நீர் குடியுங்கள்.

உங்கள் கடிதம் படிக்கப்பட்டது. பீரோ நின்றுகொண்டு படித்தார். முடித்ததும் டிரம்ஸ் வாசிப்பவர், "உங்க அக்காவுக்கு மைக்கே வேணாம்பா. தபால்லயே கேக்குது" என்றார். பிறகு ஒத்திகை தொடர்ந்தது.

இங்கே கல்லூரி திறந்துவிட்டது. சாலை முழுதும் மிதிவண்டிகள். காலை எட்டு முதல் பதினொன்றுவரை கல்லூரி நடன வகுப்புக்குப் பியானோ வாசிக்கிறேன். எட்டு எண்ணிக்கைக்கு ஒரு சுற்று. ஆசிரியை "மறுபடி" என்பார், மறுபடி வாசிப்பேன். அந்தப் பியானோவின் மேல்வரிசையில் ஒரு கட்டை ஒலிப்பதில்லை. விரல் அதன்மேல் போகும்போது மரத்தைத் தட்டிய ஓசை மட்டும் வரும். அதைப் பழுதுபார்க்க யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

ஒத்திகை அறை பல் மருத்துவர் ஒருவரின் மாடியில். கீழே துளைக்கும் கருவி ஓடத் தொடங்கினால் சாக்ஸபோன்காரர் அதன் ஒலிக்குச் சுருதி சேர்ப்பார். சிரிப்போம்.

ஞாயிறு மூன்று மணிக்குப் புத்தகக் கடையின் கீழ்த்தளத்தில் எங்கள் ஜாஸ் கூடல் வழக்கம்போல் நடக்கிறது. நாங்கள் நால்வரும் அடிப்படை. வாசிக்க விரும்பும் மாணவர் கரும்பலகையில் பெயர் எழுதிவிட்டு, முறை வந்ததும் எங்களோடு சேர்ந்துகொள்வர். இந்த ஊரில் ஜாஸ் கற்பவர் அனைவரும் முதலில் நிற்கும் இடம் அது. முன்பு பலகை நிறையும். இப்போது இரண்டு மூன்று பெயர்களே. காரணம் தெரியவில்லை.

வீட்டில் ஒரு சன்னல் மூடுவதில்லை, அட்டை வைத்திருக்கிறேன். இரண்டு அறைகளில் ஒன்றை நான் பயன்படுத்துவதில்லை.

அனைவரையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

தம்பி

மார்ச் 6

அன்புத் தம்பிக்கு,

தொண்டை தேறிவிட்டது. கேட்டதற்கு நன்றி. நீ நேரத்துக்கு உண்கிறாயா? எழுதவில்லை.

உன் கடிதத்தை அறிக்கைபோல் மூன்று முறை படித்தேன். ஒலிக்காத கட்டைக்கு மூன்று வரி. பல் மருத்துவருக்கு இரண்டு வரி. சன்னலுக்கும் இடமிருக்கிறது. என் வீட்டில் 'அனைவர்' யாரடா? நான் ஒருத்தி. அவள் ஒருத்தி. அதற்கு மேல் பால்கனியில் ஒரு செடி. செடியை விசாரித்தாயோ?

கடிதம் வந்தது என்றதும் ஓடி வந்தாள். தானே படிக்கிறேன் என்று வாங்கிக்கொண்டாள். படித்து முடித்து, "அப்பாவுக்கு நிறைய வேலை போல" என்று மட்டும் சொல்லித் திருப்பிக் கொடுத்தாள். தன்னைப் பற்றி ஒரு சொல்லைத் தேடி அந்தக் கண்கள் தாளில் மேலும் கீழும் போனதை நான் பார்த்தேன். நீ பார்க்கவில்லை.

இனிச் செய்தி. இங்குள்ள பள்ளி நான்காம் வகுப்போடு முடிகிறது. ஜூனில் அவள் வேறு பள்ளிக்குப் போக வேண்டும். உன் ஊரிலா, என் ஊரிலா? படிவத்தில் பெற்றோர் கையெழுத்து கேட்கிறார்கள். மே முடிவதற்குள் நீ சொல்லியாக வேண்டும். 'காரணம் தெரியவில்லை' என்ற விடையை ஏற்கமாட்டேன்.

அவள் எழுதியதை இத்துடன் வைத்திருக்கிறேன். ஒரு எழுத்தையும் நான் திருத்தவில்லை.

அக்கா

"அப்பாவுக்கு. நான் நல்லா இருக்கேன். நீ நல்லா இருக்கியா? அத்தை மீட்டிங்ல பேசறதுக்கு முன்னாடி நான்தான் மைக் டெஸ்ட் பண்றேன். ஹலோ ஹலோன்னு சொன்னா, யாரோ பெரிய அம்மா பேசறாங்கன்னு எல்லாரும் திரும்பிப் பாக்கறாங்க. பாத்தா நான். எனக்கு ரெண்டு பல்லு விழுந்துச்சு. ஒண்ணு முளைச்சிடுச்சு. இன்னொண்ணும் முளைச்சிட்டா நீ பாக்கும்போது ஒரு வித்தியாசமும் தெரியாது. அதான் இப்பவே சொல்லி வைக்கறேன். நீ வர மாட்டேன்னா வர மாட்டேன்னு எழுது. அத்தை திட்ட மாட்டாங்க. நான் சொல்லிக்கறேன்."

ஏப்ரல் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அங்கு வெயில் கடுமை என்று செய்தித்தாளில் பார்த்தேன். கூட்டங்களை மாலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

இத்துடன் ஒரு தாள் இணைத்துள்ளேன். நடன வகுப்பு மாணவி ஒருத்தியின் தந்தை வழக்கறிஞர். அவர் எழுதித் தந்தார். இதன்படி நீங்களே சட்டப்படியான காப்பாளர் ஆவீர்கள். பள்ளி, மருத்துவம், வசிப்பிடம் ஆகிய எதற்கும் பிறகு என் கையெழுத்து தேவைப்படாது. நான் கையெழுத்திட்டுவிட்டேன். நீங்கள் கையெழுத்திட வேண்டிய மூன்று இடங்களில் பென்சிலால் குறி இட்டிருக்கிறேன். ஜூன் இரண்டாம் நாள் உங்கள் ஊர்ப் பதிவு அலுவலகத்தில் கொடுத்தால் போதும். நான் வரத் தேவையில்லை என்று அவர் சொன்னார். கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

இது அனைவருக்கும் நல்லது. நீங்கள் நன்றாகப் பார்த்துக்கொள்கிறீர்கள். இங்கே சன்னல் மூடுவதில்லை.

கல்லூரியில் தேர்வு நெருங்குகிறது. ஞாயிற்றுக் கூடலில் சென்ற முறை பலகையில் ஒரே பெயர். டிரம்பெட் வாசிக்கும் இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவர். இரண்டு சுற்றுக்கு மேல் எங்களோடு சேர முடியாமல் நிறுத்திவிட்டு, "சாரி சார், எனக்கு இன்னும் பயிற்சி வேணும்" என்று கூறி இறங்கினார். பயிற்சி செய்தவர்போலத்தான் தெரிந்தார்.

பல் பற்றிய செய்தி கிடைத்தது.

தம்பி

ஏப்ரல் 15

தம்பிக்கு,

தாள் கிடைத்தது. மூன்று பென்சில் குறிகளையும் பார்த்தேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

ஏப்ரல் 30

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? பதினைந்து நாளாக உங்களிடமிருந்து ஒன்றும் வரவில்லை. வழக்கமாக நீங்கள் இவ்வளவு சுருக்கமாக எழுதுவதில்லை. கையெழுத்து ஆயிற்றா? கேள்வி ஏதும் இருந்தால் வழக்கறிஞரிடம் கேட்டு எழுதுகிறேன்.

சென்ற ஞாயிறு கூடலில் சிறு தடங்கல். எழுதும்படியாக ஒன்றுமில்லை.

தம்பி

மே 5

மதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு,

பீரோ வணக்கத்துடன் எழுதுவது. நீங்களும் குழந்தையும் நலமாக இருக்க வேண்டும். எனக்கு முதுகு வலி. அது இந்த வாத்தியத்தைத் தொட்ட நாள்முதல் கூடவே வருவது. எழுதிப் பழக்கமில்லாத கை, பிழை பொறுத்தருள்க.

உங்கள் தம்பியை நாங்கள் 'விரல்' என்போம். விரலுக்குத் தெரியாமல் இதை எழுதுகிறேன். தெரிந்தால் என்ன செய்வார் என்றும் தெரியும்: ஒன்றும் செய்யமாட்டார். அதனால்தான் எழுதுகிறேன்.

ஏப்ரல் கடைசி ஞாயிறு கூடலில் நடந்தது இது. முதலாம் ஆண்டு மாணவி ஒருத்தி பாட வந்தாள். மெல்லிய, உயர்ந்த குரல். எல்லோரும் அறிந்த ஒரு மெதுவான பாட்டைச் சொன்னாள். ஜாஸ் வாசிக்கும் எந்த ஊரிலும் ஒரு வழக்கம் உண்டு அக்கா. புதிதாய் வருபவர் பாட்டைச் சொன்னதும், பியானோக்காரர் "எந்தச் சுருதி?" என்று கேட்பார். வீட்டுக்கு வந்தவரிடம் தண்ணீர் வேண்டுமா என்று கேட்பதுபோல. ஆளுக்கு ஆள் குரல் மாறும். பாட்டை அதற்கேற்ப ஏற்றியோ இறக்கியோ வாசிப்போம். விரல் கேட்கவில்லை. நேரே தொடங்கிவிட்டார். நாங்களும் தொடங்கிவிட்டோம்.

முதல் வரியிலேயே அந்தப் பெண்ணின் குரல் அடித்தொண்டைக்கு இறங்கிவிட்டது. இரண்டாம் வரியில் குரலே இல்லை, காற்றுதான் வந்தது. பின்வரிசையில் சிரித்தார்கள். நிறுத்தினாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. திரும்பிப் பார்த்துக் கேட்டாள்: "சார், பாட்டுப் புத்தகத்துல இருக்கறத விட மூணு அரைக்கட்டை கீழ வாசிக்கிறீங்க. இது யாருக்காக இறக்கினது?"

"யாருக்காகவும் இல்லம்மா. நாங்க எப்பவுமே இப்படித்தான்..." என்று தொடங்கிய டிரம்ஸ்காரர் பாதியில் நிறுத்திவிட்டார். நால்வரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

எங்கள் பாடகியின் குரல் கனமானது. லேசான கரகரப்பு. அவளுக்காகப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் எல்லாப் பாட்டையும் மூன்று அரைக்கட்டை கீழே இறக்கினோம். அவள் போய் இருபது மாதமாகிறது. திரும்ப ஏற்றவே இல்லை. அவள் நினைவாக வைத்துக்கொள்வோம் என்று யாரும் முடிவு செய்யவில்லை அக்கா. அப்படிச் செய்திருந்தாலாவது மரியாதையாக இருக்கும். ஒருவரும் கவனிக்கவில்லை. கை போன வழியில் போனோம். டிரம்பெட், சாக்ஸபோன் என்று வந்த மாணவர் எல்லாம் புத்தகச் சுருதியில் மாதக்கணக்கில் பழகி வந்தவர்கள். எங்களோடு சேர முடியாமல், குறை தங்களிடம் என்று நினைத்துத் தலைகுனிந்து இறங்கிப் போயிருக்கிறார்கள். ஒருவன் டிரம்பெட்டையே விற்றுவிட்டானாம்.

விரல் பியானோவின் மூடியைச் சாத்தினார். எழுந்தார். போய்விட்டார். மறு ஞாயிறும் வரவில்லை. நான் வீட்டுக்குப் போனேன்.

"சாப்ட்டியா?"

"ம்."

"என்ன சாப்ட்ட?"

கழுவுதொட்டியைத் திரும்பிப் பார்த்தார். "தெரியல பீரோ. தட்டு கழுவியிருக்கு. சாப்ட்டிருப்பேன்."

அப்போது தொலைபேசி அடித்தது. அவர் அசையவில்லை. நான் எடுத்தேன். "அப்பாவா?" என்றது குரல். அக்கா, நான் பெரிய உடம்புக்காரன். நானே நாற்காலியைத் தேடி உட்கார்ந்தேன். அந்தக் கனம், அந்தக் கரகரப்பு. ஒன்பது வயதுத் தொண்டையில் எங்கள் பாடகி. "பீரோ மாமாடா கண்ணு. அப்பா வெளிய போயிருக்காரு" என்றேன். பொய்யும் அல்ல, திரும்பிப் பார்த்தால் அவர் படிக்கட்டில் நின்றிருந்தார்.

"எடுத்திருக்கேன், ஒரே ஒரு தடவ" என்றார் பிறகு. "போன வருஷம். 'அப்பா'ன்னா. வச்சிட்டேன். அவ பேசினா அவங்கம்மா பேசற மாதிரியே இருக்கு பீரோ. நான் என்ன பண்ணட்டும், சொல்லு."

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நீங்கள் பேசத் தெரிந்தவர். அதனால் எழுதிவிட்டேன்.

பீரோ

மே 10

தம்பிக்கு,

நலம் விசாரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன்.

எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. பீரோவைக் கடிந்துகொள்ளாதே, உங்கள் நால்வரில் வாய் உள்ளவர் அவர் ஒருவர்தான்.

அன்று தொலைபேசியில் அழைத்தவள் நான் அல்ல. நான் ஆலை வாயிலில் நின்றிருந்தேன். தானே எண்ணைச் சுழற்றியிருக்கிறாள். நான் வீடு திரும்பியதும், "பீரோ மாமா எடுத்தாரு அத்தை. அப்பா வெளிய போயிருந்தாராம். ஆனா வீட்டுல யாரோ படி இறங்கற சத்தம் கேட்டுச்சு" என்றாள். என்னிடம் விடை கேட்கவில்லை. பள்ளிப் பையைத் திறந்து கணக்குப் போட உட்கார்ந்துவிட்டாள். உன் மகள் அல்லவா? ஒன்பது வயதில் மரத்துப்போகக் கற்றுக்கொண்டாள்.

இறந்தவளின் குரல் உனக்குக் கேட்கிறதா? கேட்கட்டும். ஆனால் அது இறந்தவளின் குரல் அன்று! உயிரோடு இருக்கிற, கணக்கில் பின்தங்கிய, பல் விழுந்து முளைத்துக்கொண்டிருக்கிற ஒருத்தியின் குரல். 'அப்பா' என்று உன் மனைவி உன்னை ஒருநாளாவது அழைத்தாளா? அவள் உன்னை அழைத்த சொல் வேறு. அந்தச் சொல் இனி எந்தத் தொலைபேசியிலும் வராது. வருகிற சொல்லுக்காவது பதில் சொல்.

கூடலுக்கு வந்த மாணவர் தம் குறை என்று எண்ணி இறங்கிப் போனார்களாமே. இங்கேயும் ஒருத்தி அப்படித்தான் எண்ணிக்கொண்டிருக்கிறாள். தான் ஏதோ தவறு செய்ததால்தான் அப்பா வருவதில்லை என்று ஆலைப் பெண் ஒருத்தியிடம் சொல்லியிருக்கிறாள். என்னிடம் சொல்லவில்லை. எனக்கு வலிக்குமாம்.

இனி என் குற்றத்தையும் கேள். உன் தாள் வந்த அன்றே பேனாவை எடுத்தேன். முதல் குறியில் கையெழுத்திட்டேன். இரண்டாம் குறியிலும் இட்டேன். மூன்றாவதின்மேல் பேனா நின்றுவிட்டது. ஐம்பத்தொரு வயது எனக்கு. கூட்டம் முடிந்து வீடு திரும்பும்போது, "ஏன் அத்தை இவ்ளோ நேரம்?" என்று சண்டைபிடிக்க இதற்குமுன் யாரும் இருந்ததில்லை. எனக்கு அவள் வேண்டும். ஊரார் உரிமைக்கெல்லாம் தொண்டை கிழியக் கத்தியவள், ஒரு குழந்தையின் உரிமையைச் சத்தமில்லாமல் கையெழுத்திட்டு வாங்கிக்கொள்ளப் பார்த்தேன். அதனால்தான் இத்தனை நாள் எழுதவில்லை. நாணம்.

தாள் மேசை இழுப்பறையில் இருக்கிறது. ஜூன் இரண்டு நெருங்குகிறது.

உண்கிறாயா? உறங்குகிறாயா?

அக்கா

மே 23

அன்புள்ள அக்காவுக்கு,

உண்கிறேன். என்ன உண்டேன் என்று எழுதி வைத்துக்கொள்ளப் பீரோ சொன்னார், எழுதி வைக்கிறேன். இன்று பகல் ரொட்டி, முட்டை. உங்கள் தொண்டை எப்படி இருக்கிறது?

உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். ஒவ்வொரு முறையும் சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை.

அந்த மாணவியைத் தேடி விடுதிக்குப் போனேன். பார்வையாளர் அறையில் இரண்டு நாற்காலி, ஒரு மின்விசிறி. "வேண்டாம் சார், நான் இனிமே பாடல" என்றாள். "தப்பு உங்களோடது இல்ல. எங்களோடது" என்றேன். அவளோ, "அத அன்னைக்கே மைக்ல சொல்லியிருக்கலாம்ல சார்?" என்றாள். உங்கள் சங்கத்தில் சேர்த்துக்கொள்ளத் தக்கவள்.

இந்த ஞாயிறு மைக்கில் சொன்னேன். இருபது மாதமாகப் பாட்டுகளைத் தவறான சுருதியில் வாசித்தோம். இங்கே வந்து தடுமாறியவர் யாரும் தவறவில்லை. நாங்கள்தான் தவறினோம் என்று. பிறகு அவளிடம் "எந்தச் சுருதி?" என்று கேட்டேன். சொன்னாள்.

மூன்று அரைக்கட்டை மேலே ஏற்றியதும் எனக்குக் கை புரியவில்லை. இடக்கை மூன்று முறை பழைய இடத்துக்கே போனது. பீரோ பின்னாலிருந்து, "மேல வா, மேல வா" என்று கத்தினார். இம்முறை மாணவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அவள் பாடி முடித்தாள். நன்றாகப் பாடினாள் என்றார்கள். நான் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்ததால் கேட்கவில்லை. மகிழ்ச்சி ஏற்பட்டதா என்று பீரோ கேட்டார். இல்லை. துயரமும் இல்லை. பல் மருத்துவர் ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டுப் பார்ப்போமே, அப்படி இருந்தது. கன்னம் இருக்கிறது என்று கைக்குத் தெரியும், கன்னத்துக்குத் தெரியாது.

வீடு வந்து அந்த இரண்டாவது அறையைத் திறந்தேன். தூசு. சிறிய கட்டில். கட்டிலுக்கடியில் ஒரு சோடி காலணி. எடுத்துப் பார்த்தேன், என் உள்ளங்கையைவிடச் சற்றே நீளம். இப்போது பொருந்தாது என்று எண்ணுகிறேன்.

என் மகளின் காலணி அளவு என்ன? கல்லூரிச் சாலையில் ஒரு கடை இருக்கிறது. வாங்கி அஞ்சலில் அனுப்பி வைக்கிறேன்.

தம்பி

மே 27

என் தம்பிக்கு,

நான் நலம். தொண்டை நலம். நீ ரொட்டியும் முட்டையும் உண்டதில் எனக்கு உண்டான நிறைவை மேடை போட்டுச் சொல்ல வேண்டும்.

'என் மகள்' என்று எழுதியிருக்கிறாய். நான்கு கடிதங்களில் முதல் முறை. அந்த வரியை அவளிடம் காட்டினேன். வாசற்படியில் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "எதுக்கு அளவு கேக்கறாரு?" என்றாள்.

"செருப்பு வாங்கி அனுப்பத்தான்."

"இப்ப அளந்து, லெட்டர் போயி, அவரு கடைக்குப் போயி, பார்சல் வர்றதுக்குள்ள கால் வளந்துரும் அத்தை. கணக்குல வீக்கா இருந்தாலும் இது எனக்கே தெரியுது."

கேட்டாயா? ஆகவே அளவை எழுதமாட்டேன். எத்தனை முறை கேட்டாலும் எழுதமாட்டேன். அந்தக் கால் இங்கே இருக்கிறது. கடை இந்த ஊரிலும் இருக்கிறது. மண்டியிட்டு உட்கார்ந்து, உன் கையால் பிடித்து அளந்துகொள். அளக்கும்போது அவள் பேசுவாள். வாய் ஓயாமல் பேசுவாள். அந்தக் குரல் உன் காதருகே இருக்கும். படிக்கட்டு எதுவும் பக்கத்தில் இராது. கேட்டுக்கொண்டே அளக்க வேண்டும், வேறு வழியில்லை. உனக்கு ஒன்றும் தோன்றாமல் போனாலும் போகட்டும். மரத்த கன்னத்தோடு வா. வந்தபின் எப்போது உணர்ச்சி வருகிறதோ வரட்டும். அவள் காத்திருந்து பழகியவள், பக்கத்தில் இருந்துகொண்டு காத்திருப்பாள்.

வராமல் இருந்தால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், அச்சுறுத்தலாக அல்ல. ஜூன் இரண்டு காலை பத்து மணிக்குப் பதிவு அலுவலகம் திறக்கும். நீ இல்லையெனில் மூன்றாவது குறியில் கையெழுத்திட்டுக் கொடுத்துவிடுவேன். அவளுக்குப் பள்ளி வேண்டும். ஆண்டுக்கணக்கில் வாசலில் நிறுத்தி வைக்க அவள் கோரிக்கை மனு அன்று. வீட்டுக்கு வந்து மகிழ்ச்சியாகக்கூட இருப்பேன். நீ வராமல் போனால் நல்லது என்று எனக்குள் ஒருத்தி இப்போதும் முணுமுணுக்கிறாள். அவளை எதிர்த்துத்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். எனக்கு எதிராக நீ வெல்ல வேண்டும் என்று முப்பது ஆண்டுப் பொதுவாழ்வில் முதல்முறையாகக் கேட்கிறேன்.

உன் ஊரிலிருந்து காலை ஏழு இருபதுக்கு ஒரு பேருந்து. பகல் ஒன்றரைக்கு இன்னொன்று. பீரோவின் வண்டியும் இருக்கிறது. நடன வகுப்பு ஒரு வாரம் கையைத் தட்டி எண்ணிக்கொள்ளட்டும். சன்னலில் அட்டை இருக்கிறது, போதும். துணி எடுத்து வைக்க வேண்டாம். பதில் எழுத வேண்டாம்; உன் எழுத்து இனி எனக்குத் தேவையில்லை, நீ தேவை.

எழுந்திரு. கதவைப் பூட்டு. படி இறங்கு, இம்முறை இறங்கி இங்கே வா. இன்றே, இப்போதே புறப்படு!

அக்கா